தெரிந்த கதையிலிருந்து ஆங்கிலம்

விடுதி மாணவர்களிடம் நாம் அடிக்கடி பார்ப்பது ‘தினம் பத்து வார்த்தை’ நோட்டு. பாதியில் நின்றிருக்கும். சோம்பல் என்பார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. கதையில்லாமல் தனியாக நிற்கும் சொல் யாருக்குமே தங்காது. முதுகலை வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த நமக்கு அது தெரியும்.

நாவல் படியுங்கள் தோழர்களே, அதுவும் தெரிந்த நாவலாக. ப.சிவகாமி 1989-இல் எழுதிய ‘பழையன கழிதலும்’ நாவலை அவரே ‘தி கிரிப் ஆஃப் சேஞ்ச்’ என்று ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். பக்கத்துக்கு இரண்டு மூன்று சொல்லுக்கு மட்டும் அகராதியைத் திறங்கள். மற்றதைத் தாண்டிப் போங்கள். திரும்பத் திரும்ப எதிர்ப்படும்போது தானாகப் பிடிபடும். பாமாவின் ‘கருக்கு’, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ இரண்டையும் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்த்திருக்கிறார். நம் பேச்சு ஆங்கிலத்தில் எங்கே சப்பென்று ஆகிறது என்று மொழிபெயர்ப்போடு சண்டை போட்டுக்கொண்டே படிக்கலாம். (ஷேக்ஸ்பியரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பவர்கள் தொடங்கிக்கொள்ளட்டும்.)

உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அம்பேத்கர் 1936-இல் சாதி ஒழிப்பைப் பற்றிய உரையை ஆங்கிலத்தில்தான் எழுதினார். அதை இன்னும் எத்தனை நாள் அடுத்தவர் சொல்லிக் கேட்பது?