காவிரியில் பெருகியது எந்த மீன்?

பண்ணையில் பொரித்த குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள்; தூண்டிலில் சிக்கிய மீனை எடைபோட்டுவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டார்கள்; அதனால்தான் காவிரியில் மகசீர் பிழைத்தது. தூண்டில்காரர்கள் நடுவே இதை மறுப்பவர் குறைவு. கேமரா முன்னால் குடம் குடமாகக் குஞ்சு கவிழ்ப்பவர்களுக்கும் இந்தப் பேச்சு வசதியானது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு மீனினத்தையே காவு வாங்கக்கூடியது.

"மீன் கூடியிருக்கிறதே" என்பார்கள். கூடியதுதான். எந்த மீன்? காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாதது திமில் மகசீர். தலைக்குப் பின்னால் முதுகு மேடாக எழும்பியிருக்கும், துடுப்புகள் செம்மஞ்சளாக இருக்கும். 1946-ல் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த 120 பவுண்டு மீன் இந்த இனம்தான். ஆனால் 1970-களிலிருந்து விடப்பட்ட குஞ்சுகள், லோனாவாலாவிலுள்ள டாடா பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மகசீர். அது கிருஷ்ணா படுகையின் மீன். கர்நாடகத்தின் கலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பிடிப்புக் கணக்கை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் மூவரும் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். சிக்கிய மீன்களின் எண்ணிக்கை ஏறியிருந்தது, சராசரி எடை இறங்கியிருந்தது. பெருகியது நீலத்துடுப்பு, திமில் மகசீர் அருகிக்கொண்டே போயிருந்தது. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தவருக்கு ஆறு செழித்ததாகவே தோன்றியிருக்கும். இந்த உண்மை வெளிவந்ததே தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகத்தால்தான், அந்தப் பெருமை அவர்களைச் சேரட்டும்.

"அணை, மணல் கொள்ளை, வெடி வைத்துப் பிடிப்பது, இவைதானே காரணம்?" இவையும் காரணம்தான், குஞ்சு விட்டதை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் இந்தத் தொல்லைகள் இரண்டு மீனுக்கும் பொது. ஒன்று பெருக, மற்றது மட்டும் தேய்ந்தது ஏன்?

"எதுவானாலும் மகசீர்தானே" என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கிருஷ்ணா மீனுக்கு வேறு ஆறுகள் இருக்கின்றன, திமில் மகசீருக்குக் காவிரியும் அதன் கிளையாறுகளும்தான். டோர் ரெமாதேவி என்ற அறிவியல் பெயர் அதற்கு உறுதியானதே 2018-ல். அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனங்களில் சேர்த்தது.

உள்ளூர் இனத்தையே பண்ணையில் பொரித்து விட்டால் சரியாகிவிடாதா? அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் மேடிசன் ஆற்றில் இதைப் போன்ற ஒன்றைச் சோதித்துப் பார்த்தது. பண்ணை டிரவுட் விடுவதை நிறுத்திய பகுதியில் ஆற்றிலேயே பிறந்து வளரும் டிரவுட் பெருகியது. தானாக மீன் பெருகக்கூடிய ஆறுகளில் குஞ்சு விடுவதை 1974-ல் அம்மாநிலம் கைவிட்டது. குஞ்சு விடுவதைக் கடைசி மருந்தாக வைத்துக்கொள்ளலாம், முதல் மருந்தாக அல்ல.

"பிடித்துவிட்டுத் திரும்ப விட்டால் மீனுக்கு ஒன்றும் ஆகாது." எப்படி விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. இரையை மீன் விழுங்கிவிடும்; இறகு கட்டிய செயற்கைப் பூச்சியோ பெரும்பாலும் உதட்டில்தான் மாட்டும், அதனால் காயம் குறைவு. அதற்குப் பிறகுதான் ஆபத்து. 1992-ல் கனடாவில் வெளியான ஆய்வில், ஓடவிட்டுக் களைக்கவைத்த வானவில் டிரவுட்டை 30 விநாடி காற்றில் வைத்தபோது 38 சதவீதமும் 60 விநாடி வைத்தபோது 72 சதவீதமும் செத்தன. காற்றுப் படாமல் களைப்பு மட்டும் கண்டவற்றில் செத்தது 12 சதவீதம். மகசீருக்கு இதே எண்கள் பொருந்த வேண்டுமென்பதில்லை. ஆனாலும் மீனை மார்போடு அணைத்து ஒன்றுக்கு நான்கு படம் எடுப்பவர் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. எதிர்முள் இல்லாத தூண்டில், நனைத்த கை, நீரோட்டத்தை எதிர்த்த முகமாகத் தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்து, வாலை உதறித் தானே போகும்வரை காத்திருப்பது: ஒழுங்காக விடுவது என்றால் இவ்வளவும் சேர்ந்ததுதான்.

திமில் மகசீர் இன்னும் மிஞ்சியிருக்கும் இடங்களில் ஒன்று நம் மோயாறு. அங்கே வெளியூர்க் குஞ்சு ஒன்றைக்கூட விடக்கூடாது என்று மீன்வளத் துறையும் வனத் துறையும் எழுத்தில் உத்தரவிட வேண்டும்.