ஒரே பாடசாலை, தனித்தனி வகுப்பறைகள்

தனியார் பாடசாலையொன்றைத் தெரிவு செய்யும் பெற்றோர் கட்டணத்தையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் தவறாது விசாரிக்கின்றனர். தமது பிள்ளை எந்த வகுப்பில், யாருடன் அமர்த்தப்படும் என்று கேட்போர் மிகச் சிலரே. மூவினத்தவரும் அருகருகே வாழும் கண்டியில் இக்கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை.

1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசின் கீழ்க் கொண்டுவந்தன. தனியார் பாடசாலைகளாக நிலைத்த சிலவற்றுள் கண்டி திரித்துவக் கல்லூரியும் ஹில்வூட் கல்லூரியும் குறிப்பிடத்தக்கவை. பின்னர் உருவான சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகவே பதிவு செய்யப்பட்டு வந்துள்ளன.

தேசிய பாடத்திட்டத்தில் தரம் 1 முதல் 5 வரை ஆரம்பப் பிரிவு. 6 முதல் 9 வரை கனிஷ்ட இடைநிலைப் பிரிவு. ஆரம்பப் பிரிவில் வகுப்பாசிரியர் ஒருவரே பெரும்பாலான பாடங்களைக் கற்பிப்பார். தரம் 6 இலிருந்து பாடத்துக்கோர் ஆசிரியர் வருவார். பல மொழிமூலங்களைக் கொண்ட பாடசாலையில் ஒரே தரத்துப் பிள்ளைகள் மொழிவாரியாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒரே மைதானத்தில் விளையாடினாலும், நாளின் பெரும்பகுதியை அவர்கள் தனித்தனி அறைகளிலேயே கழிக்கின்றனர்.

தாய்மொழிக் கல்வி பிள்ளையின் உரிமை என்பதில் ஐயமில்லை. 1904 இல் திரித்துவக் கல்லூரியின் அதிபராகப் பொறுப்பேற்ற பிரேசர் பாதிரியார், ஆங்கிலம் கோலோச்சிய அக்காலத்திலேயே சிங்களத்துக்கும் தமிழுக்கும் பாடத்திட்டத்தில் இடமளித்தார். ஆகவே, தமிழ்மொழிமூல வகுப்புகளைக் கைவிடுவது தீர்வாகாது. ஆங்கிலமொழிமூல வகுப்பில் மூவினத்தவரும் ஒன்றாக அமர்வது உண்மையே. ஆயினும், அங்கு தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கிவிடும் அபாயத்தைத் தமிழ், முஸ்லிம் பெற்றோர் கவனத்திற் கொள்ள வேண்டும்.

மொழிமூலத்தைப் பேணிக்கொண்டே வகுப்புகளை இணைப்பதற்கு வழியுண்டு. சித்திரம், சங்கீதம், உடற்கல்வி, ஆங்கிலம் ஆகிய பாடவேளைகளை எல்லா மொழிமூலத்தினருக்கும் பொதுவாக்கலாம். இருமொழிக் கல்வித் திட்டத்தின் கீழ் கணிதம், விஞ்ஞானம் போன்ற பாடங்களைத் தரம் 6 முதல் ஆங்கிலத்தில் கற்போரை ஒரே வகுப்பில் அமர்த்தலாம். தமிழ் மாணவர் சிங்களத்தையும் சிங்கள மாணவர் தமிழையும் இரண்டாம் மொழியாகக் கற்கும் வேளைகளில், ஒருவருக்கொருவர் பேச்சுத் துணையாகலாம். இதற்குப் புதிய கட்டடங்கள் தேவையில்லை. நேரசூசியைச் சற்றுச் சிரமமெடுத்துத் திருத்தினால் போதும்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதையும், அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டதையும் கண்டி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வன்முறைக்கு வகுப்பறைகளே காரணமென எவரும் கூறார். ஆனால், சிறுவயதில் அருகமர்ந்து படித்தவனின் பெயரும் முகமும் மனதில் இருக்குமாயின், அவனைப் பற்றிய வதந்தியை நம்புமுன் ஒருவர் சற்றேனும் தயங்குவார். அந்தத் தயக்கம் பெறுமதி மிக்கது.

கட்டணம் செலுத்தும் பெற்றோருக்குப் பாடசாலை நிருவாகத்திடம் கேள்வி கேட்கும் உரிமையுண்டு. அடுத்த தவணைக் கூட்டத்தில் புள்ளிகளைப் பற்றி மட்டுமன்றி, வகுப்புகள் பிரிக்கப்படும் முறை குறித்தும் அவர்கள் கேட்பார்களாக.