குடிமகளின் கணவன் அந்நியனா?



தமிழ்நாட்டிலிருந்து வந்த மருமகனை, "வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடக்கிறார்" என்று ஏசாதீர்கள். நீண்டகால சமூக வருகை அனுமதியில் இருப்பவர், குடிநுழைவுத் துறை ஒப்புதல் தராமல் வேலை செய்ய முடியாது. நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கோ ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கூட்டரசு அரசியலமைப்பின் 15(1) பிரிவு, குடிமகனின் மனைவிக்குக் குடியுரிமை கோர வழி தருகிறது. குடிமகளின் கணவனுக்கு அப்படி ஒரு பிரிவே இல்லை! பாலினப் பாகுபாடு கூடாது என்று 8(2) பிரிவில் 2001-இல் சேர்த்தார்களே, அது யாருக்காக?

காத்திருக்கும் குடும்பங்களே, சோர்ந்து விடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தின் நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். அனுமதி முடியும் முன்பே புதுப்பியுங்கள்; ஒரு நாள் தாண்டினாலும் குற்றம். பதில் வராவிட்டால் வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். நாம் கேட்பது சலுகை அல்ல, உரிமை!