பட்ட மரத்துக்கு விலை உண்டு, பட்டாக்காரனுக்கு இல்லையா?



வரப்போரத்தில் பறவை போட்ட விதையில் முளைத்த சந்தனமும் நம்மிடம் உண்டு. துவரையும் சவுக்கும் துணைக்கு வைத்து, கடன் வாங்கி வளர்த்த சந்தனமும் உண்டு. பதினைந்து, இருபது வருஷம் பிள்ளை மாதிரி காத்த மரம். மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று நம்பியிருந்தால், ஒருநாள் இலையெல்லாம் சிறுத்து, வெளிறி, குச்சியோடு முள்ளு முள்ளாய் விறைத்து நிற்கிறது. இதுதான் ஸ்பைக் நோய்.

இது நேற்று வந்த நோய் அல்ல. 1899-லேயே குடகில் கண்டறியப்பட்டது. 1903 முதல் 1916 வரை குடகு, மைசூர் பகுதிகளில் சுமார் 10 லட்சம் மரங்கள் இதற்குப் பலியாகின. நம் சேலம் பகுதியில் 1917 முதல் 1925 வரை 98,734 நோய் மரங்கள் வெட்டப்பட்டன. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்கிருமியை, சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. நோயைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. அறிகுறி தெரிந்தபின் ஒன்று முதல் மூன்று வருஷத்துக்குள் மரம் பட்டுப்போகும்.

ஆனால் மரம் பட்டாலும், உள்ளே ஏறிய வைரம் பட்டுப்போவதில்லை. வாசனையும் எண்ணெயும் அதில்தானே இருக்கிறது! இது அரசுக்குத் தெரியாதா? காட்டில் பட்டுப்போன சந்தனத்தை எடுத்து, கிடங்கில் தரம் பிரித்து ஏலம் விட்டு வருவது அரசுதானே? காட்டு மரத்துக்கு ஒரு நியாயம், பட்டா மரத்துக்கு ஒரு நியாயமா?

2002-இல் சட்டம் திருத்தப்பட்டு, பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரனுக்கே சொந்தம் என்றானது. நல்லது. ஆனால் அனுமதி இல்லாமல் வெட்டினால் குற்றம். நோய் மரத்துக்கு மனு கொடுத்துவிட்டு எத்தனை நாள் காத்திருப்பது? மரம் காத்திருக்காது, பூச்சி காத்திருக்காது, திருடனும் காத்திருக்க மாட்டான். ராத்திரியில் மரம் போய்விட்டால் நட்டமும் நமக்கு, விசாரணையும் நமக்கு!

ஆகவே அரசை நாம் கேட்பது:

1. நோய் மரம் பற்றிய மனுவை 15 நாளில் நேரில் பார்த்து, 30 நாளில் வெட்ட அனுமதி தர வேண்டும்.

2. வைரக்கட்டையை விவசாயி கண் முன்னே எடை போட்டு, தரம் பிரித்து, எழுத்தில் ரசீது தர வேண்டும்.

3. ஏலம் முடிந்த 60 நாளில் பணம் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும்.

4. வைரம் ஏறாமலே நோயில் செத்த இளமரத்துக்கு நட்ட ஈடு வேண்டும்.

நம் பக்கமும் கடமை இருக்கிறது. மரக்கணக்கை இன்றே அடங்கலில் ஏற்றச் சொல்லுங்கள். நோய் கண்ட பகுதி நாற்றை வாங்காதீர்கள். அறிகுறி தெரிந்தால் மறைக்காதீர்கள். உங்கள் மரத்தின் நோய் நாளை பக்கத்துக் காட்டுக்காரர் மரத்துக்கும் வரும். அவசரத்தில் புரோக்கரிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். அவன் காசோடு போவான், வழக்கு நம் தலையில் விழும்.

மனுவைத் தனித்தனியாகக் கொடுத்தால் மேஜையில் தூங்கும். ஊரே திரண்டு கொடுத்தால் பேசும். நோய் மரம் வைத்திருப்போர் சங்கக் கிளையில் பெயர் கொடுங்கள். சேர்ந்தே போவோம், சேர்ந்தே கேட்போம்!

மரம் நமது! வியர்வை நமது! விலையும் நமதே!