கொல்லைக் கதவும் கம்ப்யூட்டரும்

பீன்யாவில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இரும்புக் கேட் உண்டு. கேட்டுக்கு ஒரு பூட்டு, வாசல் கதவுக்கு ஒரு பூட்டு, சில வீடுகளில் மேலே கேமரா. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் பிழைக்க வந்து, லேத்துப் பட்டறைகளில் இரவு ஷிப்ட் பார்த்து, சீட்டுப் பிடித்துக் கட்டிய வீடுகள் இவை. காவல் பலமாகத்தான் இருக்கும். ஆனால் இதே வீடுகளில் பலவற்றில், ஹாலில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்குள் ஒரு கொல்லைக் கதவு பல வருஷங்களாகத் திறந்தே கிடக்கிறது. அதைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்களோடு நாலு வார்த்தை பேச விரும்புகிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பணிக்காலம் முழுவதும் சிக்னல் பிரிவில் கழித்தவன். இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வைத்தது என் வீட்டில் பட்ட அடிதான்.

2019ஆம் ஆண்டு. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களை டி.வி.யில் பார்க்க வேண்டும் என்று பேரப் பிள்ளைகளுக்கு ஆசை. டி.வி.யோடு இணைக்கும் பெட்டி பழையது. அதற்குக் கம்ப்யூட்டர் கண்ணில் படவே இல்லை. உதவிக்கு வந்த கடைக்காரப் பையன் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் போட்டார். "எல்லோருக்கும் முழு அனுமதி, பாஸ்வேர்டு வேண்டாம்" என்று வைத்தார். படம் ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினோம்.

சில மாதங்கள் கழித்து, மாடியில் குடியிருக்கும் என் தங்கை மகன், ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருப்பவன், ஆர்டர் என்று வந்த ஒரு மெயிலைத் தன் லேப்டாப்பில் திறந்தான். மறுநாள் காலையில் அவன் கோப்புகள் எதுவும் திறக்கவில்லை. ஓடி வந்து ஹால் கம்ப்யூட்டரைப் பார்த்தால், நாங்கள் பகிர்ந்து வைத்திருந்த கோப்புறையும் அதே கதி. ஒவ்வொன்றின் பெயருக்கும் பின்னால் புரியாத வால். கூடவே பணம் கேட்டு ஒரு கடிதம். ஜோலார்பேட்டையில் கேங்மேனாக இருந்த என் தகப்பனாரின் படங்கள், மகளின் அரங்கேற்ற வீடியோ, வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் அதில்தான் இருந்தன. பணம் கட்டவில்லை. கட்டினாலும் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நல்ல வேளையாக, தகப்பனார் படங்களை ஒரு டி.வி.டி.யில் போட்டு ஊரில் இருக்கும் தங்கைக்கு எப்போதோ கொடுத்திருந்தேன். அவை தப்பின. மூல கேசட் பூஞ்சை பிடித்துப் போயிருந்ததால் அரங்கேற்ற வீடியோ போனது போனதுதான். என் மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பையன் டிக் போட்ட கட்டத்தின் பெயர் எஸ்.எம்.பி. 1 என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பை இன்னொரு கம்ப்யூட்டரோ பிரிண்டரோ டி.வி.யோ கேட்டு வாங்குவதற்கு இரண்டுக்கும் பொதுவாக ஒரு பேச்சு முறை வேண்டும். அந்தப் பேச்சு முறைகளில் ஒன்றுதான் எஸ்.எம்.பி. அதன் முதல் வடிவத்தை 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் என்பவர் உருவாக்கினார். ஒரே ஆபீசுக்குள் ஒருவரை ஒருவர் அறிந்த நாலைந்து பேர் கோப்புகளைப் பகிர்ந்து கொள்வதற்கான ஏற்பாடு அது. உலகமே ஒரு கம்பியில் இணையும் என்று அப்போது யார் கண்டார்கள்? பிறகு விஸ்டாவோடு இரண்டாம் வடிவமும், 2012இல் விண்டோஸ் 8 உடன் மூன்றாம் வடிவமும் வந்தன. மூன்றாம் வடிவத்தில் போக்குவரத்தையே ரகசியக் குறியீடாக மாற்றி அனுப்ப வசதி உண்டு. முதல் வடிவத்தில் அது கிடையாது.

இதனால் என்ன பெரிய ஆபத்து என்று கேட்பவர்கள் 2017 மே 12ஆம் தேதி, வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார்க்க வேண்டும். எஸ்.எம்.பி. 1இன் நிரலில் இருந்த ஓட்டை ஒன்றை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை கண்டுபிடித்து, அதைப் பயன்படுத்தும் கருவி ஒன்றையும் செய்து தன்னிடமே வைத்துக் கொண்டிருந்தது. 'எடர்னல் புளூ' என்று அதற்குப் பெயர். அது களவு போய், 2017 ஏப்ரலில் 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்ற கூட்டத்தால் ஊரறிய வெளியிடப்பட்டது. அதை வைத்துச் செய்த 'வானாகிரை' என்னும் புழு அந்த மே மாத வெள்ளிக்கிழமை கிளம்பி, ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. ஒவ்வொன்றுக்கும் 300 டாலர் கேட்டது, தாமதித்தால் 600. யாரும் மெயிலைத் திறக்க வேண்டியதில்லை, எதையும் சொடுக்க வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டருக்குள் புகுந்தால் அதே இணைப்பில் இருக்கும் அடுத்ததை அதுவே தேடிப் போகும்.

பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஜெர்மன் ரயில்வேயின் ஸ்டேஷன் அறிவிப்புப் பலகைகளில் ரயில் நேரத்துக்குப் பதிலாகப் பணம் கேட்கும் கடிதம் தெரிந்தது. இங்கே ஆந்திரப் போலீஸ் கம்ப்யூட்டர்கள், கேரளத்தில் சில பஞ்சாயத்து ஆபீஸ்கள், தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகம் என்று பாதிப்புச் செய்திகள் வந்தன. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டிஷ் இளைஞர், அந்தப் புழு தேடிக் கொண்டிருந்த ஓர் இண்டர்நெட் முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்ததால் அதன் வேகம் அடங்கியது. ஆனால் அடுத்த மாதமே, ஜூன் 27 அன்று, 'நாட்பெட்யா' என்ற இன்னொன்று அதே ஓட்டையையும் பயன்படுத்திப் பரவியது. மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையத்தின் வேலையே முடங்கியது.

என்னை உறுத்துவது ஒன்றுதான். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டு விட்டது. மருந்து கடைக்கு வந்து 59 நாட்கள் கழித்துத்தான் நோய் பரவியது. வாங்கிச் சாப்பிடாதவர்கள்தான் விழுந்தார்கள். 2016ஆம் ஆண்டே, அந்த நிறுவனத்தில் இந்தப் பேச்சு முறைக்குப் பொறுப்பாக இருந்த நெட் பைல், தயவு செய்து எஸ்.எம்.பி. 1ஐ நிறுத்துங்கள் என்று பகிரங்கமாக எழுதினார். தாங்கள் விற்ற சரக்கை விற்றவர்களே வேண்டாம் என்று சொல்வது எத்தனை தடவை நடக்கும்?

இதைச் சொன்னால் நம்மவர்கள் உடனே கேட்பது: "சார், பழசு என்றால் கெட்டதா? நீங்கள் வேலை பார்த்த ரயில்வேயில் வெள்ளைக்காரன் காலத்து நெம்புகோல் எத்தனை வருஷம் ஓடியது?" நியாயமான கேள்வி. நானே அந்த நெம்புகோல்களோடு பழகியவன். பழசு என்பதற்காக ஒரு சாமானைத் தூக்கி எறிவது எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்தப் பழைய கைகாட்டியின் தத்துவம் என்ன? கம்பி அறுந்தால் கை தானாக 'ஆபத்து' நிலைக்குப் போய்விடும். பழுதானால் ரயில் நிற்குமே தவிர மோதாது. ஒற்றைப் பாதையில் டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி. நம் முன்னோடிகள் மனிதன் தவறுவான், கருவி பழுதாகும் என்று முதலிலேயே எடுத்துக் கொண்டு அமைத்தார்கள். எஸ்.எம்.பி. 1 அதற்கு நேர் எதிர். வருகிறவன் நல்லவன் என்று நினைத்துக் கொண்டு செய்தது. அது பழுதானால் கதவு மூடிக் கொள்வதில்லை, அகலத் திறக்கிறது. ஆகவே எனக்கு அதன் வயதைப் பற்றிப் புகார் இல்லை, குணத்தைப் பற்றித்தான்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்கு வந்த வைரஸ் பழைய பூட்டை உடைத்து வரவில்லை. பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து வைத்த கோப்புறை வழியாகத்தான் வந்தது. பழைய பெட்டிக்கு வசதி செய்து கொடுக்கப் போய், பழைய வழக்கத்தையும் சேர்த்து வீட்டுக்குள் விட்டோம். இரண்டும் ஜோடியாகத்தான் வரும்.

"நம் வீட்டில் என்ன புதையலா இருக்கிறது, எவன் வரப் போகிறான்?" என்பது அடுத்த கேள்வி. புழுவுக்கு விலாசம் தெரியாது. கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். வீட்டு ரௌட்டர் வெளியிலிருந்து நேரே வருவதைப் பெரும்பாலும் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளிருந்து வருவதை அது தடுக்காது. பட்டறையிலிருந்து லேப்டாப் வீட்டுக்கு வருகிறது. விருந்துக்கு வந்த பையன் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறான்.

பீன்யாவில் இது இரட்டைக் கவலை. இங்கே சிறு பட்டறைகளில் மிஷினோடு வந்த கம்ப்யூட்டர் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஓடும். மிஷின் நன்றாக ஓடும்போது யார் மாற்றுவார்கள்? எக்ஸ்.பி.க்கு ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. லட்சக்கணக்கில் கடன் வாங்கிய மிஷினைத் தூக்கிப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். அதைத் தனியே வையுங்கள் என்கிறேன். இண்டர்நெட்டும் வேண்டாம், ஆபீஸ் கம்ப்யூட்டர்களோடு ஒரே இணைப்பும் வேண்டாம். அம்மை போட்டவரைத் தனி அறையில் வைத்துத்தானே கஞ்சி கொடுத்தோம்?

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. விண்டோஸ் 8.1, 10 இருப்பவர்கள் கன்ட்ரோல் பேனலில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்ற இடத்துக்குப் போனால், பட்டியலில் 'எஸ்.எம்.பி. 1.0' என்று ஆரம்பிக்கும் வரி தெரியும். அங்கே டிக் இருந்தால் எடுத்து விட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி இயக்குங்கள். 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது இந்த முறையில் கோப்பு பகிரும் பகுதி தானாக வருவதில்லை. ஆனால் பழைய கம்ப்யூட்டரையே மேம்படுத்தியவர்களிடமும், என் போல யாரையோ டிக் போட விட்டவர்களிடமும் இருக்கலாம். பிறகு, பகிர்ந்த கோப்புறைக்குப் பாஸ்வேர்டு வையுங்கள். டி.வி.க்குப் படம் பார்க்க மட்டும் அனுமதி போதும், அழிக்கவும் மாற்றவும் அதற்கு என்ன வேலை? விண்டோஸ் தரும் திருத்தங்களை நிறுத்தி வைக்காதீர்கள். ரௌட்டருக்கும் சேமிப்புப் பெட்டிக்கும் கூடத் திருத்தங்கள் உண்டு. அத்தகைய பெட்டிகளில் ஓடும் 'சாம்பா' என்ற மென்பொருளில் ஏழு வருஷமாக இருந்த ஓட்டை ஒன்று அதே 2017 மே மாதம்தான் வெளிப்பட்டது.

எல்லாவற்றிலும் முக்கியம், ஒரு பிரதி கம்ப்யூட்டரோடு இணைக்காமல் தனியே இருக்க வேண்டும். ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுப் பீரோவில் வையுங்கள். இன்னொன்றை ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். என் தகப்பனார் முகத்தை என் பேரன் பார்க்கிறான் என்றால், அது தங்கை வீட்டு அலமாரியில் கிடந்த அந்த டி.வி.டி.யின் புண்ணியம்.

புதிதாக டி.வி. பெட்டியோ பிரிண்டரோ வாங்கும்போது, எஸ்.எம்.பி. 2 அல்லது 3இல் வேலை செய்யுமா என்று கடையிலேயே கேளுங்கள். "பழைய முறையை ஆன் செய்து கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் அந்தச் சாமான் வேண்டாம். பத்துப் பேர் வேண்டாம் என்று திரும்பினால் வியாபாரிகள் தாமாக மாற்றிக் கொள்வார்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஊரை விட்டு வந்த நமக்கு ஊரின் அடையாளம் பழைய படங்களும் பத்திரங்களும்தான். அவற்றையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி விட்டோம். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். ரத்ததான முகாம் நடத்துவது போல ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கும் ஒதுக்கக் கூடாதா? லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு வரட்டும். தூக்க முடியாத கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டுக்கு இருவர் போய்ப் பார்க்கட்டும். அரை மணி நேர வேலை. டீ செலவு என்னுடையது.

எங்கள் வீட்டுப் பழைய டி.வி. பெட்டியைப் போன மாதம்தான் காயலான் கடையில் போட்டேன். அறுபது ரூபாய் கொடுத்தான்.

— ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர், பீன்யா