நிறப்பகை பிறவியில் வந்ததல்ல. பண்ணை முதலாளிகள் போட்ட சட்டத்தில் வந்தது!

"வெள்ளையனும் கறுப்பனும் பிறவிப் பகைவர்கள். அது ரத்தத்தில் ஊறியது. யாராலும் மாற்ற முடியாது." அமெரிக்காவைப் பற்றி நெடுங்காலமாக இப்படி ஒரு பேச்சு நடமாடி வருகிறது. படித்த கனவான்களும் இதைச் சொல்கிறார்கள். இது பச்சைப் பொய் என்கிறோம் நாம். இந்தப் பகை ரத்தத்தில் பிறக்கவில்லை. புகையிலைப் பண்ணைகளின் லாபக் கணக்கில் பிறந்தது. அது பிறந்த இடமும் தெரியும், வருஷமும் தெரியும்.

1640-ஆம் வருஷம். விர்ஜீனியாவில் ஒரு பண்ணையிலிருந்து மூன்று வேலையாட்கள் சேர்ந்து ஓடினார்கள். ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாமவர் ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கர். மூவரும் பிடிபட்டனர். மூவருக்கும் தலைக்கு 30 கசையடி. அதுவரை தண்டனை சமம். அதற்குமேல் வெள்ளையர் இருவருக்கும் 4 வருஷம் கூடுதல் ஊழியம். ஜான் பஞ்சுக்கோ ஆயுள் முழுவதும் ஊழியம்! சேர்ந்து ஓடிய அந்த மூவருக்குள் பகை இருந்ததா? இல்லை. பகையை எழுதிக் கொடுத்தது நீதிமன்றம்.

1676-இல் அதே விர்ஜீனியாவில் பெருங்கலகம் வெடித்தது. அதன் தலைவன் நேத்தனியல் பேக்கன் ஏழைப் பங்காளன் அல்ல. பூர்வகுடி மக்களின் நிலத்தைப் பறிக்கத் துடித்த பண்ணைக்காரன். ஆனால் கலகம் மூண்டதும் வெள்ளை ஒப்பந்தக் கூலிகளும் கறுப்பு அடிமைகளும் விடுதலை வேண்டி அதில் புகுந்தார்கள். தலைநகர் ஜேம்ஸ்டவுன் தீக்கிரையாயிற்று. பேக்கன் இறந்து கலகம் தோற்ற பிறகும், கடைசிவரை ஆயுதத்தைக் கீழே போட மறுத்த ஒரு கூட்டத்தில் கறுப்பர் சுமார் 80 பேர், ஆங்கிலேயக் கூலிகள் சுமார் 20 பேர். பண்ணை முதலாளிகள் குலைநடுங்கியது இந்தக் காட்சியைக் கண்டுதான்!

அடுத்து வந்த வருஷங்களில் சட்டத்துக்கு மேல் சட்டம் வந்தது. 1705-ஆம் வருஷச் சட்டத்தைப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்த வெள்ளைக் கூலிக்குச் சோளமும், 30 ஷில்லிங் பணமும், ஒரு துப்பாக்கியும் கொடுக்க வேண்டும். அடிமையின் ஆடுமாடு, குதிரை, பன்றி அனைத்தையும் பறித்து விற்று, அந்தப் பணத்தை வட்டாரத்து ஏழைகளுக்குச் செலவிட வேண்டும். வெள்ளையனுக்கு எதிராகக் கையை ஓங்கிய கறுப்பனுக்கு, அவன் அடிமையல்லாதவனாக இருந்தாலும், 30 கசையடி. நேற்றுவரை தோளோடு தோள் நின்ற இருவரில் ஒருவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, மற்றவன் மாட்டைப் பிடுங்கினார்கள். பிறவிப் பகை என்றால் இத்தனை சட்டம் எதற்கு? தானாக எரியும் தீக்கு எண்ணெய் ஊற்றுவானேன்?

எழுத்தறிவுக்குத் தண்டனை

உடலைப் பூட்டியவர்கள் அறிவையும் பூட்டினார்கள். 1740-இல் தென் கரோலினாவில், அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு 100 பவுன் அபராதம் என்று சட்டம் வந்தது. பிறகு "இவர்களுக்குக் கலாசாரம் இல்லை, இலக்கியம் இல்லை" என்று அவர்களே கைகொட்டிச் சிரித்தார்கள். என்ன கயமை!

1761-இல் ஏழெட்டு வயது ஆப்பிரிக்கச் சிறுமி ஒருத்தி பாஸ்டன் நகரில் விற்கப்பட்டாள். அவளை ஏற்றி வந்த கப்பலின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள்: பில்லிஸ். பில்லிஸ் வீட்லி எழுதிய கவிதை நூல் 1773-இல் லண்டனில் வெளிவந்தது. இதை இவள்தான் எழுதினாள் என்று கவர்னர் உள்பட பாஸ்டன் பிரமுகர்கள் 18 பேர் கையெழுத்திட்ட சான்று அதில் சேர்க்கப்பட்டது. தன் பாட்டைத் தான்தான் பாடினோம் என்று நிரூபிக்க 18 கனவான்களின் கையெழுத்து!

பிரடெரிக் டக்ளஸின் கதையைக் கேளுங்கள். பால்டிமோரில் எஜமானி அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். படித்தவன் அடிமையாக இருக்க மாட்டான் என்று எஜமான் தடுத்துவிட்டான். சிறுவன் சளைக்கவில்லை. வீட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். பசித்துக் கிடந்த வெள்ளை ஏழைப் பையன்களுக்கு ரொட்டியைக் கொடுத்தார். பதிலுக்கு அவர்கள் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கே போயிற்று பிறவிப் பகை? 1838-இல் தப்பி ஓடிய டக்ளஸ் 1845-இல் தன் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அடிமை முறையின் முகத்தில் அறைந்த புத்தகம் அது.

கூலியைக் குறைத்தது யார்?

"வெள்ளைத் தொழிலாளியும் கறுப்பனை அடித்தானே?" என்று கேட்பார்கள். அடித்தான். மறைக்க வேண்டியதில்லை. அதே டக்ளஸைப் பால்டிமோர் கப்பல் கட்டும் துறையில் வெள்ளைத் தொழிலாளிகள் கூட்டமாகச் சேர்ந்து கண் பிதுங்க அடித்தார்கள். அடிபட்ட அவரேதான் இதற்கு விளக்கமும் எழுதினார்: அடிமையின் உழைப்பு முழுவதையும் எஜமான் கொள்ளையடிக்கிறான்; அடிமையின் இலவச உழைப்பைக் காட்டி வெள்ளைத் தொழிலாளியின் கூலியையும் கொள்ளையடிக்கிறான்; இருவரையும் கொள்ளையடிப்பவன் ஒருவனே என்றார். அடித்தவனுக்கு இது புரியவில்லை. அவன் கையில் கோபம் இருந்தது. கோபம் பாய வேண்டிய திசையை முதலாளி மாற்றிவிட்டான்.

1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 1890-இல் மிசிசிப்பி மாகாணம் புதிய அரசியல் சட்டம் எழுதி, வாக்கு வரியும் எழுத்தறிவுச் சோதனையும் வைத்துக் கறுப்பரின் ஓட்டைப் பறித்தது. எழுத்தைத் தடுத்தவர்களே எழுத்தறிவு எங்கே என்று கேட்டார்கள்! வாக்கு வரி கட்ட வழியில்லாத வெள்ளை ஏழைகள் பலரும் ஓட்டிழந்தனர். கறுப்பனுக்கு வெட்டிய குழியில் அவனும் விழுந்தான்.

கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் 1935-இல் வெளியிட்ட சரித்திர நூலில் இதை ஆதாரங்களோடு விளக்கினார். வெள்ளைத் தொழிலாளிக்குக் கிடைத்தது அற்பக் கூலி. ஈடாக, "நீ மேலானவன்" என்ற வெற்றுக் கௌரவத்தைக் கொடுத்து அவனை ஏமாற்றினார்கள் என்றார். கௌரவத்தை உலையில் போட்டால் சோறாகுமா? இந்த டுபாய்ஸ் 1961-இல், 93 வயதில், அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

ஏமாற்றை உணர்ந்தவர்களும் இருந்தார்கள். 1934-இல் அர்க்கன்சாஸ் மாகாணத்தில், டைரோன்சா என்ற சிற்றூரின் அருகே, பருத்திக் குத்தகை விவசாயிகள் 18 பேர் கூடினார்கள். 11 பேர் வெள்ளையர், 7 பேர் கறுப்பர். தனித்தனிச் சங்கமா, ஒரே சங்கமா என்ற கேள்வி எழுந்தது. ஒரே சங்கம் என்று முடிவு செய்தார்கள். தென் பிரதேசக் குத்தகை விவசாயிகள் சங்கம் பிறந்தது. நிலச்சுவான்தார்கள் அடியாட்களை ஏவினார்கள், சுட்டார்கள், வீட்டை விட்டு விரட்டினார்கள். ஆனாலும் 1935-இல் பருத்தி எடுக்கும் கூலியை உயர்த்தக் கோரி அந்தச் சங்கம் வேலைநிறுத்தம் நடத்தியது, கூலியும் உயர்ந்தது.

இன்றும் அதே பூட்டு

இவ்வளவும் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. ஓஹையோ மாகாணத்து உருக்காலை நகரம் ஒன்றில், வெல்டிங் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்த டோனி மாரிசன் 1993-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய நாவல்களைப் பல மாகாணங்களில் பள்ளி நூலகங்களிலிருந்து அகற்றினார்கள். 2022-இல் புளோரிடா மாகாணம், நிறப் பாகுபாட்டைப் பற்றி வகுப்பறையில் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று சட்டம் போட்டது. 2025 மார்ச்சில் ஜனாதிபதி டிரம்ப், தேசிய அருங்காட்சியகங்கள் பிரிவினைக் கருத்துகளைப் பரப்புகின்றன என்று குற்றஞ்சாட்டி உத்தரவு பிறப்பித்தார்.

பிரிவினையா? ஜான் பஞ்சையும் அவர் தோழர்களையும் பிரித்தது யார்? 1705-இல் சட்டம் போட்டது யார்? பிரித்தவன் பெயரைச் சொல்வது பிரிவினையாம். பிரித்தது மட்டும் தேசபக்தியாம்!

பாட்டாளித் தோழர்களே! அவர்கள் ஏன் ஒரு நாவலுக்கு அஞ்சுகிறார்கள்? கதையைப் படித்தவன் காரணத்தைத் தேடுவான். காரணத்தைத் தேடியவன் முதலாளியின் வாசலில் போய் நிற்பான். டக்ளஸின் எஜமானுக்கு அன்று இருந்த பயமே இன்று வெள்ளை மாளிகைக்கும் இருக்கிறது.

அமெரிக்காவின் கலாசாரச் செல்வம் மாளிகைக்காரர்களின் சொத்தல்ல. எழுதக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் எழுதி வைத்த சொத்து அது. உலகெங்கும் உழைப்பவர்களின் சொத்து. மனிதன் போட்ட சட்டத்தால் வந்த பகை, மனிதர் ஒன்றுபட்டால் போகும். அந்த 18 பருத்தி விவசாயிகள் அதைச் செய்து காட்டினார்கள். பிரித்து வைப்பவன் யார் என்று முதலில் கேளுங்கள். அதனால் யாருடைய கூலி குறைந்தது, யாருடைய பெட்டி நிறைந்தது என்று அடுத்தபடியாகக் கேளுங்கள்!