நோயாளிகள் எழுதிய கணக்கேடு

இணையத்தில் நோயாளிகள் கூடிப் பேசுகிறார்களாம்! மருத்துவர் இருக்க இவர்களுக்கு ஏன் இந்த வேலை என்று ஏளனம் செய்வோர் உண்டு. செய்துவிட்டுப் போகட்டும். ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறார்களே, எதனால்? அதுவல்லவா கேள்வி!

அமெரிக்காவில் நடந்ததைத் தோழர்கள் முன் வைக்கிறோம். ஏ.எல்.எஸ். என்றொரு கொடிய நோய். தசைகளை இயக்கும் நரம்புகள் மடியும். கை விழும், கால் விழும், பேச்சுப் போகும், கடைசியில் மூச்சும் நிற்கும். ஸ்டீபன் ஹேவுட் என்ற இளைஞரை 1998இல் இந்நோய் பற்றியது. அவருடைய சகோதரர்கள் நண்பர் ஒருவரோடு சேர்ந்து 2004இல் தொடங்கியதே ‘பேஷண்ட்ஸ்லைக்மீ’ என்னும் இணையச் சபை. ‘என்னைப் போன்ற நோயாளிகள்’ என்று பொருள்.

2008இல் இத்தாலிய ஆய்வாளர்கள், லித்தியம் இந்நோயின் வேகத்தைக் குறைக்கிறது என்று அறிவித்தனர். அந்த ஆய்வில் லித்தியம் பெற்றவர்கள் 16 பேர்தான். சாவை எதிரில் காண்பவன் எண்ணிக்கையா பார்ப்பான்? சபையினர் பலர் தங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கி உட்கொண்டனர். அதோடு நின்றார்களா? இல்லை. எவ்வளவு உட்கொண்டோம், நடை எப்படி, உணவு இறங்குகிறதா, மூச்சு எப்படி என்று சபையில் பதிந்து வந்தனர். அவர்களுள் 149 பேரின் கணக்கை, அதே வேகத்தில் நோய் முற்றிவந்த, ஆனால் லித்தியம் உட்கொள்ளாத மற்றவர்களின் கணக்கோடு ஒப்பிட்டு 2011இல் முடிவு வெளியாயிற்று. லித்தியத்தால் பயனில்லை!

நம்பிக்கை பொய்த்த செய்திதான். ஆயினும் பின்னால் வருவோர் வீண் மருந்துக்கு அலையாமல் தடுத்தவர் யார்? நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்த அந்த நோயாளிகள்!

விடை இங்கேதான் இருக்கிறது. மருத்துவமனையில் அவர் ஒரு சீட்டு எண். சபையிலோ கேட்பவரும் அவரே, சொல்பவரும் அவரே. நேற்று ஆறுதல் பெற்றவர், இன்று புதிதாக வருபவருக்கு வழி சொல்கிறார். தன் சொல் இன்னொருவருக்கு உதவியது என்று கண்டவர் எழுந்து போவாரா? சங்கம் வளர்த்த தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. சந்தா ரசீதா ஆளை நிறுத்திவைக்கிறது?

இத்தகைய இடங்களில் பொய் வைத்தியமும் உலவுகிறது. மறுக்கவில்லை. கணக்கு வைக்கும் இடத்தில் அதன் ஆயுள் குறைவு.

நம்மை உறுத்துவது வேறு. உறுப்பினர் தந்த விவரங்களைப் பெயர் நீக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு விற்றே சபை பிழைத்தது. அதை ஒளிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னது. 2017இல் ஒரு சீனக் கம்பெனி பெரும் பங்கு வாங்கிற்று. அமெரிக்க அரசு அதை வெளியேறச் செய்தது. 2019இல் சபையை வாங்கியது யார் தெரியுமா? மருத்துவக் காப்பீட்டில் கொழுத்த யுனைடெட்ஹெல்த்! சிகிச்சைக்குப் பணம் தருவதா மறுப்பதா என்று தீர்மானிப்பதே தொழிலாகக் கொண்டவரின் கையில், நோயாளிகள் ஒருவருக்கொருவர் எழுதிய கணக்கேடு! அந்த ஏட்டைக் கொண்டு அநீதி செய்தார்கள் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. எழுதியவர்களைக் கேட்டா விலை பேசினார்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

சபை கைமாறும்போதெல்லாம் உறுப்பினரின் சம்மதத்தை மீண்டும் பெறவேண்டும். விரும்பாதவர் தம் ஏட்டை அழித்துவிட்டு வெளியேற வழி வேண்டும். விற்பனையை முடிவு செய்யும் மேசையில் நோயாளிகளின் பிரதிநிதிகள் அமரவேண்டும். சட்டம் இதைக் கட்டாயமாக்கட்டும். மறுப்போர் காரணத்தை நோயாளிகளின் முகம் பார்த்துச் சொல்லட்டும்!